ஒரு வீடு, 36 ஏடுகள்

ஓர் ஓவியர் ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரைவதைக் கற்பனை வறட்சி என்று கருதுவோர் உண்டு. அக்கருத்தைச் சீர்தூக்கிப் பார்க்க, 2020இல் மறைந்த ஸரீனா ஹாஷ்மியின் ‘வீடு ஓர் அந்நிய இடம்’ (1999) என்னும் தொடர் தக்க சான்றாகும்.

ஸரீனா 1937இல் அலிகரில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் 1959இல் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தனர். அவரோ பல நாடுகளில் வாழ்ந்து நியூயார்க்கில் தங்கினார். இத்தொடரின் 36 மரச்செதுக்கு அச்சோவியங்களும் வீடு, வாசற்படி, சுவர், எல்லை, தூரம் என ஏட்டுக்கு ஓர் உருதுச் சொல்லைத் தாங்கியவை. சில கறுப்புக் கோடுகள், நஸ்தலீக் எழுத்தில் ஒரு சொல், அவ்வளவே.

தனியே எடுத்தால் எந்த ஏடும் மெலிந்ததாகவே தோன்றும். அடுத்தடுத்து வைத்து நோக்கும்போதே எண்ணம் உருப்பெறுகிறது. வீட்டின் வரைபடத்தில் சுவராய் நின்று காத்த கோடு, ‘எல்லை’யில் மனிதரைப் பிரிக்கும் கோடாகிறது. அப்பொருளைத் தருவது, நாம் முன்னர் கண்ட ஏட்டின் நினைவே.

இழந்த வீட்டை ஒரே பார்வையில் வரைந்துவிட இயலாது. நினைவு அதை அறை அறையாக, சொல் சொல்லாகவே மீட்டுத் தருகிறது. ஒரு தாளில் அடங்காத எண்ணத்துக்காகவே ஓவியர் தொடரை நாடுகிறார்.