மதுவும் புற்றுநோயும்: நாட்டுக் கணக்கு ஏன் உதவாது?

ஒரு அச்சில் நாடுவாரியாகத் தலைக்கு எத்தனை லிட்டர் மது. இன்னொரு அச்சில் லட்சம் பேருக்கு எத்தனை புற்றுநோய்ச் சாவு. புள்ளிகள் சிதறிக் கிடந்தால் உடனே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள்: "பாருங்க, தொடர்பே இல்லை!"

இதில் மூன்று ஓட்டை. ஒன்று, வயது. முதியவர்கள் அதிகமுள்ள நாட்டில் புற்றுநோய்ச் சாவு கூடத்தான் இருக்கும். இரண்டு, மது வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் என்று சில இடங்களைத்தான் தாக்குகிறது. எல்லாப் புற்றுநோயையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் அது அமுங்கிப் போகும். மூன்றாவதுதான் பெரிசு: செத்தவர் குடித்தாரா இல்லையா என்று சராசரிக்குத் தெரியாது.

ஆளாளாகக் கேட்ட ஆய்வு இருக்கிறது. பிரான்சின் இல்-ஏ-வில்லேன் பகுதியில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்த 200 ஆண்களையும், ஒப்பீட்டுக்காக வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்த 775 ஆண்களையும் விசாரித்து, ஆல்பர்ட் டுயின்ஸ் குழு 1977-ல் வெளியிட்டது. தினம் 40 கிராமுக்குக் குறைவாக ஆல்கஹால் எடுத்தவர்களில் நோயாளிகள் 29, மற்றவர்கள் 386. 120 கிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களில் நோயாளிகள் 45, மற்றவர்கள் வெறும் 22! (ஒரு வைன் பாட்டிலில் சுமார் 70 கிராம் இருக்கும்.) குடிச்சவங்களில் மூன்றில் இரண்டு பேருக்கு நோய் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, இரு பிரிவையும் ஒப்பிட மட்டுமே இந்த எண்கள். புகையிலை குறைவாக எடுத்தவர்களைத் தனியாகப் பார்த்தாலும் இதே ஏறுமுகம்தான்.

இந்த அட்டவணை ஆர் மொழியோடு 'ஈசோஃப்' என்ற பெயரில் வருகிறது. அதில் பல வரிசைகளில் நோயாளிகளை ஒப்பீட்டு ஆட்களோடும் சேர்த்து எண்ணிய பிழை இருந்தது. 2021-ல் வந்த 4.0.4 பதிப்பில்தான் திருத்தினார்கள். நோயாளிகள் அதிகமுள்ள கட்டங்களைத்தான் அந்தப் பிழை அதிகம் பாதிக்கும். அதாவது, பழைய பதிப்பில் கணக்குப் போட்டவர்களுக்கு மது உண்மையைவிடச் சாதுவாகத் தெரிந்திருக்கும்.

இந்த ஆய்வுக்கும் எல்லை உண்டு. சொட்டும் தொடாதவரும் தினம் 39 கிராம் எடுத்தவரும் ஒரே பிரிவில் இருக்கிறார்கள். ஆகவே "கொஞ்சமா குடிச்சா பரவாயில்லையா?" என்ற கேள்விக்கு இதில் பதில் தேடாதீர்கள். நாட்டு வரைபடத்திலோ, அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.