கப்பலேறிய வசவு

ஆங்கிலத்தில் இழிநடத்தையைச் சுட்டும் வார்த்தைகள் அநேகம். அவற்றுள் 'பரியா' நம்மிடமிருந்து போனது. பறையர் என்ற பெயர்தான். வெட்கங்கெட்ட அரசியல்வாதியையும் உலகம் ஒதுக்கிய அரசையும் அதைக்கொண்டே ஏசுகிறார்கள். 1886-ல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியிலேயே அது இடம் பிடித்துவிட்டது.

ஆம்பூர் டேனரிகளைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது: தோல் பூட்ஸாகிக் கப்பலேறினால் கௌரவம், தோல் கட்டிய பறையோடு சேர்ந்த பெயர் கப்பலேறினால் வசவு.

இதைவிட மோசம் நம் மொழிபெயர்ப்பாளர்கள். திரும்பி வரும் அவ்வார்த்தைக்குக் கூசாமல் 'தீண்டத்தகாதவன்' என்று போடுகிறார்கள். எங்கோ ஒரு சர்வாதிகாரியைத் திட்ட, இங்கே சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவனின் காயம் இரவல். 'ஒதுக்கப்பட்டவன்' போதாதா? இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தம் பத்திரிகைக்கே 'பறையன்' என்று பெயர் வைத்தார். அது அவர் எடுத்துக்கொண்ட உரிமை. இவர்களுக்கு யார் கொடுத்தது?