வெளியும் வெற்றிடமும்

கதை படிக்கத் தெரியாதவன், ஆசிரியர் வேண்டுமென்றே சொல்லாமல் விட்ட இடத்தைப் பார்த்து, "இங்கே ஏதோ குறைகிறது" என்பான். ஊர்களைப் படிப்பதிலும் இதே கோளாறு உண்டு. விருந்தினரை வரவழைக்கும் திட்டங்களைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறோம். அந்தத் திட்டங்களைத் தீட்டுகிறவர்களுக்குப் படிக்கத் தெரிகிறதா என்பதே என் கேள்வி.

நெய்வேலி நகரியம் வரைபடத்திலிருந்து பிறந்த ஊர். 1956-ல் நிறுவனம் ஏற்பட்டது; 1957-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நேர்கோடாய்ச் சாலைகள், எண் போட்ட வட்டங்கள், நிழல் மரங்கள். நடந்து பார்க்க இன்பமாகவே இருக்கிறது. ஆனால் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண், சுரங்கக்காரனுக்கு அகற்ற வேண்டிய சுமை. அந்த மண்ணின் மேல்தான் வயல்களும் வீடுகளும் கோயில்களும் இருந்தன. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்ததை நான் சிறிதாக எண்ணவில்லை. என்றாலும், 2023 ஜூலையில் கால்வாய் வெட்டுவதற்காக வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுக்கப்பட்டது என்றது நிறுவனம். பத்திரத்தைப் படித்தார்கள், பயிரைப் படிக்கவில்லை.

சுரங்கத்துக்கு வேறு வழியில்லை, கரி இருக்கும் இடத்தில்தான் தோண்ட வேண்டும் என்று வாதிக்கலாம். யாத்திரிகருக்குக் கட்டடம் கட்டுவதற்கு அந்த வாதம் பொருந்துமா?

நெய்வேலியை அடுத்த வடலூரைப் பாருங்கள். 1867-ல் இராமலிங்க அடிகள் அங்கே தருமசாலையைத் தொடங்கினார். 1872-ல் சத்திய ஞான சபை திறக்கப்பட்டது. இவற்றுக்காகச் சுமார் எண்பது காணி நிலத்தை மனமுவந்து கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள். சபைக்கு எதிரே பரந்து கிடக்கும் மைதானத்துக்குப் பெருவெளி என்று பெயர். தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் விலகும்போது, ஜோதி காண வரும் கூட்டம் அங்கேதான் நிற்கிறது. தருமசாலை அடுப்போ, அன்று மூட்டியது, இன்னும் அணையவில்லை. சுற்றுலாத் துறை என்ற ஒன்று நினைவில்கூட இல்லாத காலத்திலிருந்து, வருகிறவர்களுக்குச் சோறு போட்டுவரும் ஊர் இது. பஞ்சத்தையும் புயலையும் தாண்டி நிற்கும் வலிமை கிராமத்துக்கு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்கிறவர்கள் அந்த அடுப்பிலிருந்து தொடங்கலாம்.

2024 பிப்ரவரியில், ஏறத்தாழ நூறு கோடி ரூபாய்ச் செலவில், வள்ளலார் பன்னாட்டு மையத்துக்கு அந்தப் பெருவெளியில் அடிக்கல் நாட்டினார்கள். ஏப்ரலில் பார்வதிபுரத்தார் தோண்டிய குழிகளில் இறங்கி நின்று எதிர்த்தார்கள். விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போயிற்று.

அரசின் நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வெளியூரிலிருந்து வருகிறவனுக்குத் தங்க இடமும் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும். எதிர்த்தவர்களும் வள்ளலாருக்கு மையமே கூடாது என்று சொல்லவில்லை. வேறு இடத்தில் கட்டுங்கள் என்றுதான் கேட்டார்கள். வரைபடத்தில் பெருவெளி வெறும் இடமாகத் தெரிந்திருக்கிறது. கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கோ அது நிறைந்த இடம். தங்கள் பாட்டன் கொடுத்த வாக்கு அங்கே கிடக்கிறது.

கிராமத்துக்கு விருந்தினரை அழைக்க விரும்புகிறவர்களிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. கோடு போடுவதற்கு முன்னால் ஊராரைக் கூட்டி, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று கேளுங்கள். விடுதியை ஊரின் ஓரத்தில் கட்டுங்கள். வருகிறவன் செலவழிக்கும் பணம் அந்த ஊர்க் கடையிலும் அந்த ஊர்க் கையிலும் தங்கும்படி செய்யுங்கள். விருந்தோம்பல் வீட்டுக்காரர் செய்வது. அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர் அதை நடத்த முடியாது. நெய்வேலியில் ஊர்களைக் கேட்காமல் போட்ட கோட்டுக்கு நிலக்கரியைக் காரணம் சொன்னோம். வடலூரில் சொல்வதற்கு அப்படிக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.