அழைப்புக் கடிதத்தில் சாதி

ஒரே வேலையைச் செய்யும் இருவர் ஒரே ஊதியம் பெறுகிறார்கள். அப்படியானால் அங்கே சாதி வேறுபாடு இல்லை என்று முடிவு கட்டலாமா? கட்டலாம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். சுகதேவ் தோரட்டும் கேத்தரின் நியூமனும் தொகுத்து 2010-இல் வெளியான ‘பிளாக்டு பை காஸ்ட்’ என்னும் ஆங்கில நூல் இந்த எண்ணத்தைத் திருத்துகிறது.

ஊதிய இடைவெளியை ஆராய, ஒஹாக்கா, பிளைண்டர் என்போர் 1973-இல் தனித்தனியே வகுத்த முறை ஒன்று உண்டு. படிப்பு, அனுபவம் முதலியவற்றால் விளங்கும் பகுதியைக் கழித்தால் எஞ்சுவது பெரும்பாலும் பாகுபாட்டின் கணக்கில் சேரும். ஆனால் வேலையின் வகையையும் சேர்த்துக் கழித்துவிட்டால்? எழுத்தராவதற்குத் தகுதியுள்ள ஒருவரைக் கடைநிலை ஊழியராகவே அமர்த்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கடைநிலை ஊழியர் பெறும் சம்பளமே அவருக்கும் கிடைக்கும். கணக்கில் குறையே தெரியாது! நகர்ப்புற மாதச் சம்பளக்காரர்களைப் பற்றி மதேஸ்வரனும் அட்டெவெல்லும் எழுதிய கட்டுரை இவ்விடத்தில்தான் கூர்மையாக இருக்கிறது. ஒரே வேலைக்குக் குறைந்த ஊதியம் தருவதைவிட, நல்ல வேலைக்குள் நுழையவிடாமையே பெரிய காரணம் என்று அவர்கள் காட்டுகிறார்கள்.

நுழைவாயிலையே சோதித்தது தோரட்–அட்டெவெல் ஆய்வு. தனியார் நிறுவனங்களின் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின. ஒத்த தகுதி, வேறு வேறு பெயர். அழைப்பு வருவதற்கும் வராமைக்கும் உள்ள விகிதம் உயர்சாதிப் பெயருக்கு 1 என்றால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. நேர்காணலுக்கு முன்பே இவ்வளவு!

குறையும் உண்டு. ஆங்கில நாளிதழ் விளம்பரம் பார்த்து விண்ணப்பிக்கும் பட்டதாரிகளே இதில் அடங்குவர். வயலிலும் சாக்கடையிலும் உழைப்போரை யாரும் விளம்பரம் கொடுத்து அழைப்பதில்லை. மேலும், குடும்பப் பெயர் சாதியைச் சொல்லும் இடத்தில்தான் இச்சோதனை செல்லும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே போட்டு எழுதும் நம்மிடம் இதை அப்படியே செய்ய இயலாது. அதற்காக மகிழ்ந்துவிட வேண்டாம். அதே நூலில் ஜோத்காவும் நியூமனும் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். தகுதி ஒன்றையே பார்க்கிறோம் என்று சொல்லும் மேலாளர்கள், நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கேட்பது வழக்கம் என்றும் கூறுகிறார்கள். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்விகளுக்குத் தலைப்பெழுத்து மறைவு தராது.