எச்09 ஆன்டிபாடி: எதை நம்பலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

கிளையோமா என்ற மூளைக் கட்டியின் பயாப்ஸியில் முதல் சோதனைகளுள் ஒன்றாக எச்09 ஆன்டிபாடிக்கு இடம் தரலாம். கடைசிச் சோதனையாக அதை வைக்கக் கூடாது. அது தேடுவது ஐடிஎச்1இல் ஏற்படும் ஒரு மாற்றத்தை. ஐடிஎச்1, ஐசோசிட்ரேட்டை ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட்டாக மாற்றும் நொதி. அதன் 132ஆம் இடத்திலுள்ள ஆர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறிவிட்டால் (ஆர்132எச் மாற்றம்), அந்த நொதி 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட்டை உண்டாக்கத் தொடங்கும். செல்லில் குவியும் அந்தப் பொருள் டிஎன்ஏவின் மெத்தில் ஒழுங்கைக் குலைக்கிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் உருவாகி 2009இல் வெளிவந்த எச்09, இயல்பான நொதியைத் தொடாமல், இப்படி மாறிய நொதியை மட்டும் பற்றுகிறது.

செயல்பாட்டில் இதன் பலம் எளிமைதான். ஃபார்மலினில் பதப்படுத்தி பாரஃபினில் பதித்த வழக்கமான திசுவே போதும். கட்டிச் செல்களின் சைட்டோபிளாசம் பழுப்பேறும். ஸ்லைடிலேயே ஒப்பீடும் கிடைத்துவிடுகிறது: இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் நிறமேறக் கூடாது, ஏறினால் அந்தச் சாயமேற்றலை நம்பக் கூடாது. மரபணு வரிசையிடல் இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். கட்டியின் ஓரத்திலிருந்து எடுத்த சிறு துண்டில் இயல்பான செல்களே மிகுதி. அங்கே சாங்கர் வரிசையிடல் முறை கோட்டைவிடக்கூடிய மாற்றத்தை, ஊடுருவிய ஒற்றைச் செல்லிலும் எச்09 காட்டிவிடும். கிளையோமாவா, காயத்துக்கு எதிர்வினையாகப் பெருகிய துணைச் செல்களா என்ற பழைய சிக்கலில் இது பெரிய உதவி.

ஆனால் நிறம் ஏறவில்லை என்பதாலேயே மாற்றம் இல்லை என்றாகிவிடாது. கிளையோமாக்களில் காணும் ஐடிஎச்1 மாற்றங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது ஆர்132எச் வகை. மீதியும், ஐடிஎச்2 என்ற இணை நொதியின் மாற்றங்களும் எச்09க்குத் தெரியாது. 55 வயதைத் தாண்டியவரிடம், மூளையின் நடுக்கோட்டில் அமையாத, தோற்றத்திலேயே தெளிவான கிளையோபிளாஸ்டோமா இருந்து, முன்பு குறைந்த தரக் கிளையோமாவும் இல்லையென்றால் இந்த முடிவோடு நிறுத்தலாம். இளையவருக்கு வரிசையிடல் அவசியம். அது செலவைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வோராசிடெனிப், ஐடிஎச்1, ஐடிஎச்2 மாற்றங்கள் உள்ள இரண்டாம் தரக் கட்டிகளுக்கான மருந்து. மாற்றத்தைத் தவறவிட்டால் சிகிச்சையும் தவறிப்போகும். ஆய்வகங்கள் எச்09ஐத் தயங்காமல் வாங்கலாம்; நிறமேறாத ஸ்லைடுக்கு மட்டும் ‘ஐடிஎச் மாற்றம் இல்லை’ என்று எழுதாமல், ‘ஆர்132எச் மாற்றம் காணப்படவில்லை’ என்று அறிக்கை தாருங்கள்.