ரீப்ளே பொத்தானுக்கு யார் நடுவர்?

ஆட்டம் முடிந்ததும் பேட்ஸ்மேனை அலசுகிறோம், கோல்கீப்பரை அலசுகிறோம், நடுவரையும் விட்டுவைப்பதில்லை. ஆட்டத்தை நமக்குக் காட்டியவர் மட்டும் தப்பிவிடுகிறார். வரிசையாக எரியும் திரைகளின் முன்னால் அமர்ந்து, எந்த கேமராவின் படம் அடுத்து வெளியே போக வேண்டும் என்று நொடிக்கு நொடி முடிவெடுக்கும் ஒளிபரப்பு இயக்குநரும் ஓர் ஆட்டக்காரரே. கோல் விழும் நாளில் அவருக்குச் சோதனை கிடையாது. எந்தக் கோணத்தைக் காட்டினாலும் ரசிகர் ரசிப்பார். களத்தில் ஒருவர் உயிருக்குப் போராடும்போது என்ன செய்கிறார் என்பதை வைத்தே அவரை எடைபோட வேண்டும். அண்மை ஆண்டுகளில் அப்படி மூன்று நாட்கள் வந்தன.

பஹ்ரைன்: முதல் பாதி நன்று

2020 நவம்பர் 29. ஃபார்முலா 1 பந்தயத்தின் முதல் சுற்றிலேயே ரொமேன் குரோஷானின் ஹாஸ் கார், மணிக்கு 192 கி.மீ. வேகத்தில் தடுப்பு வேலியில் மோதி, இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது. நேரலையில் தெரிந்தது தொலைவில் எழுந்த தீப்பிழம்பு மட்டுமே. விபத்தை வேறு கேமராக்களும் பதிவு செய்திருந்தன. ஆனால் ரீப்ளே உடனே வரவில்லை. குரோஷான் பிழைத்துவிட்டார் என்பது உறுதியான பிறகே அந்தக் காட்சியைத் திரையில் விட்டார்கள். கிட்டத்தட்ட அரை நிமிடம் நெருப்புக்குள் இருந்தவர், கைகளில் தீக்காயங்களோடு வெளியே வந்திருந்தார். அதுவரை இயக்குநர் காத்த பொறுமை பாராட்டுக்குரியது.

சறுக்கல் அதன் பிறகு. பந்தயம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. நிரப்ப வேண்டிய நேரத்தை அதே தீக்காட்சியைக் கொண்டு, திரும்பத் திரும்ப, வெவ்வேறு கோணங்களில் நிரப்பினார்கள். சற்று நேரத்தில் அதே தடத்தில் காரை எடுக்க வேண்டிய ஓட்டுநர்களும் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. குரோஷானின் குடும்பத்துக்கும் எங்களுக்கும் இது மரியாதையல்ல என்று அவர்களில் ஒருவரான டேனியல் ரிக்கார்டோ வெளிப்படையாகவே சாடினார்.

கோபன்ஹேகன்: வீரர்கள் செய்த வேலை

2021 ஜூன் 12. யூரோ 2020 தொடரில் டென்மார்க், பின்லாந்து அணிகள் மோதின. முதல் பாதி முடியும் தறுவாயில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமலேயே சரிந்து விழுந்தார். இதயத் துடிப்பு நின்றுபோயிருந்தது. மருத்துவர்கள் அவருடைய நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்ததும், கண்ணீரோடு களத்துக்கு வந்த அவருடைய துணைவியை வீரர்கள் தேற்றியதும் உலகம் முழுக்கப் போயின. டென்மார்க் வீரர்கள் நண்பனைச் சுற்றி வளையமாக நின்றார்கள். இயக்குநர் போட்டிருக்க வேண்டிய திரையை அவர்கள் தங்கள் உடலால் போட்டார்கள்.

பிபிசிக்கு 6,000-க்கும் மேற்பட்ட புகார்கள் போயின. அது மன்னிப்புக் கேட்டது; அரங்கத்தின் படங்கள் ஐரோப்பிய கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவின் கையில் இருந்தன என்றும் விளக்கியது. இந்த விளக்கத்தில் நியாயம் உண்டு. இத்தகைய தொடர்களில் படம் ஒரே அறையில் உருவாகி எல்லா நாடுகளுக்கும் செல்கிறது. அந்தந்த நாட்டுச் சேனல்கள் அதன்மேல் தங்கள் மொழி வர்ணனையையும் ஸ்டூடியோ பேச்சையும் சேர்த்துக்கொள்கின்றன. அந்த யூரோவைத் தமிழ் வர்ணனையோடு சோனி டென் 4 தந்தது. குரல் நம்முடையது, கண் யூஇஎஃப்ஏவுடையது. பிடிக்காத படம் வந்தால் பொதுப் படத்தை மட்டும் நம்பியிருக்கும் சேனலால் அதை மாற்ற முடியாது, விட்டு விலக மட்டுமே முடியும். பிபிசி விலகியது. தாமதமாக விலகியது என்பதே அதன்மீதான குற்றச்சாட்டு.

சின்சினாட்டி: நிறுத்தத் தெரிந்தவர்கள்

2023 ஜனவரி 2. அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் ஆட்டத்தில், பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின் எதிரணி வீரரைத் தடுத்து வீழ்த்தி, எழுந்து நின்று, மறுகணமே மல்லாந்து விழுந்தார். அவருக்கும் இதயம் நின்றுபோனது. நிலைமையின் தீவிரம் புரியாத முதல் நிமிடங்களில் ஈஎஸ்பிஎன் ரீப்ளேயைச் சில முறை காட்டியது. புரிந்ததும் நிறுத்தியது. பிறகு விளம்பர இடைவேளை, ஸ்டூடியோ, அழுதுகொண்டிருந்த வீரர்கள் என்றே ஒளிபரப்பு நகர்ந்தது. நிலைமை தெரியாதபோது வர்ணனையாளர்கள் ஊகிக்கவில்லை. 2007-ல் ஆட்டத்துக்குப் பின் தானே சாவின் விளிம்புவரை போய்வந்த முன்னாள் வீரர் ரயன் கிளார்க், அன்றிரவு அதே சேனலில் வீரர்களின் அச்சத்தைப் பற்றிப் பேசினார். படமும் பேச்சும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததால் முடிவு வேகமாக வந்தது. கோபன்ஹேகனில் இல்லாத வசதி இது.

மூன்றையும் ஒப்பிட்டால் ஒன்று துலங்கும். நேரலையில் விபத்து பதிவாவதை யாராலும் தடுக்க முடியாது. கேமரா அங்கே இருந்தது, அவ்வளவுதான். குளோசப்பும் ரீப்ளேயும் அப்படியல்ல. ஒருவர் யோசித்து, பொத்தானை அழுத்தினால்தான் அவை வரும். ஆகவே "நடப்பதைத்தானே காட்டுகிறோம்" என்ற வாதம் முதல் சில நொடிகளுக்கு மட்டுமே செல்லும். அந்த வாதத்தின் ஓட்டை 1972 மியூனிக் ஒலிம்பிக்கிலேயே வெளிப்பட்டுவிட்டது. இஸ்ரேல் வீரர்களைப் பிணைக்கைதிகளாக வைத்திருந்தவர்கள், போலீஸார் கட்டடத்தின் மேலே நகர்வதை அறையிலிருந்த தொலைக்காட்சியிலேயே பார்த்துவிட்டார்கள். மீட்பு முயற்சி கைவிடப்பட்டது.

காட்டாவிட்டால் வதந்தி பரவாதா என்று கேட்கலாம். பரவும். ஆனால் எரிக்சன் விஷயத்தில் உலகத்தை ஆசுவாசப்படுத்தியது, ஸ்ட்ரெச்சரில் கண் விழித்திருந்த அவருடைய புகைப்படமும், அவர் நினைவோடு இருக்கிறார் என்ற அறிவிப்பும். நெஞ்சை அழுத்தும் காட்சி யாருக்கும் எந்தத் தகவலையும் தரவில்லை.

பெரிய தொடர்களின் ஒளிபரப்பு விதிகளில் சில வரிகள் சேர்ந்தால் போதும். வீரர் அசைவின்றிக் கிடந்தால் கேமரா உடனே அகலக் காட்சிக்குப் போக வேண்டும். அவர் நிலை தெரியும்வரை ரீப்ளே கூடாது. தெரிந்த பிறகும் அதை நேரம் போக்கப் பயன்படுத்தக் கூடாது. உரிமை வாங்கிய எல்லாச் சேனல்களுக்கும் அரங்கத்தின் பொதுக்காட்சி ஒன்று தனி இணைப்பாக எப்போதும் கிடைக்க வேண்டும்.

இது நடக்காத காரியமல்ல. விளம்பரத்துக்காக மைதானத்துக்குள் ஓடிவருபவரை ஒளிபரப்பாளர்கள் காட்டுவதில்லை. கேமராவை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள். அங்கே அது தண்டனை. தன்னைக் காட்டாதே என்று சொல்லக்கூட முடியாமல் கிடக்கும் வீரருக்கு அதே பழக்கம் பாதுகாப்பாக அமையும்.