லிஸ்டனின் இடக்கை

சோனி லிஸ்டன் என்றதும் உலகம் ஒரே ஒரு நிழற்படத்தைத்தான் நினைவுகூர்கிறது. 1965 மே 25 அன்று அமெரிக்காவின் லூயிஸ்டன் நகரில், முதற்சுற்றிலேயே மேடையில் மல்லாந்து கிடக்கிறார் அவர். அருகே நின்று அதட்டுகிறார் முகம்மது அலி. அந்த ஒரு படத்தை வைத்தே, வெறும் உடல்வலியால் உயர்ந்து வீழ்ந்தவர் என்று பலரும் அவருக்குத் தீர்ப்பெழுதிவிட்டனர். அவர் பயிற்சி செய்யும் பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களைப் பொறுமையாகப் பார்ப்போரிடம் அத்தீர்ப்பு நிலைக்காது என்பதே நம் கருத்து.

அவற்றில் நாம் முதலில் காண்பது தாளம். 'நைட் டிரெய்ன்' என்னும் இசைத்தட்டு ஒலிக்க, கால்விரல் நுனியில் நின்று அவர் ஸ்கிப்பிங் கயிறு சுழற்றுகிறார். முரட்டுக் கரடி என்று ஏடுகள் ஏசிய உடம்புதான் அது! அடுத்து, தொங்கும் கனத்த குத்துப்பை. அவர் உயரம் 6 அடி 1 அங்குலமே. விரித்த கரங்களின் நீளமோ 84 அங்குலம். இடது கால் முன்னே ஊன்றும் கணத்திலேயே இடக்கை நேர்க்கோட்டில் பாய்கிறது. தோளும் இடுப்பும் அதன் பின்னே வந்து சேர்கின்றன. 'ஜாப்' எனப்படும் இக்குத்தைப் பெரும்பாலோர் எதிராளியைத் தொலைவில் நிறுத்தவும், வலக்கைக்கு வழி திறக்கவுமே கையாளுவர். லிஸ்டனுக்கோ அதுவே பேரடி. ஹெவிவெயிட் பிரிவின் தலைசிறந்த இடக்கைகளுள் ஒன்றாக இதனை வைக்க நாம் தயங்கோம்.

ஆயினும் பயிற்சிப் படத்தை முழுச் சாட்சியாகக் கொள்ளலாகாது. குத்துப்பை ஊசலாடும், வட்டமிட்டு ஓடாது, திருப்பியும் அடிக்காது. லிஸ்டனின் கால்கள் நேர்முன்னே செல்வதில் தேர்ந்தவை, பக்கவாட்டில் திரும்புவதில் மந்தமானவை. இக்குறையைத் திருத்த அவருக்கு வாய்ப்பே அமையவில்லை. 1961 டிசம்பரில் ஆல்பர்ட் வெஸ்ட்பால், 1962 செப்டம்பரிலும் 1963 ஜூலையிலும் ஃபிளாய்டு பாட்டர்சன் என மூன்று போட்டிகளும் முதற்சுற்றிலேயே முடிந்தன. ஆக, 1964 பிப்ரவரி 25 அன்று மயாமி பீச்சில், அப்போது காஷியஸ் கிளே எனப்பட்ட அலியைச் சந்திக்குமுன், இரண்டாண்டுகளுக்கு மேலாக அவர் மேடையில் போரிட்ட நேரம் ஆறு நிமிடங்களுக்குச் சற்றே அதிகம். சுழன்றோடிய இளைஞரை அந்த இடக்கை எட்டவில்லை. தோளில் காயம் என்று கூறி, ஏழாம் சுற்றுக்கு அவர் எழவில்லை.

லூயிஸ்டனில் அவர் வேண்டுமென்றே விழுந்தார் என்போர் இன்றும் உளர். பயிற்சிப் படம் அதற்கு விடை தராது. அதனிடம் அதைக் கேட்பதும் முறையன்று.

பாட்டர்சனுடன் நடந்த போட்டியை நன்மைக்கும் தீமைக்குமான போராக ஏடுகள் வருணித்தன. பாட்டர்சன் கத்தோலிக்கர், லிஸ்டன் கொள்ளைக் குற்றத்திற்காகச் சிறையிருந்தவர், எழுத்தறியாதவர். நம்மவர் மனம் எப்பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? ஆனால் மிசூரி மாநிலச் சிறையில் லிஸ்டனைக் குத்துச்சண்டைக்கு வழிப்படுத்தியவர் அங்குப் பணிபுரிந்த கத்தோலிக்கக் குரு, அருள்தந்தை அலோய்ஸ் ஸ்டீவன்ஸ். ஏடுகள் விலங்கைக் கண்ட இடத்தில், அக்குரு பயிற்றுவிக்கத் தக்க ஒரு மனிதரைக் கண்டார். படச்சுருளில் நாம் காணும் ஒழுங்கு அங்கே தொடங்கியது.

அவ்வொழுங்கு இறுதிவரை அவரைவிட்டு அகலவில்லை. இறப்பதற்குச் சுமார் ஆறு மாதங்களுக்கு முன், 1970 ஜூன் 29 அன்று ஜெர்சி சிட்டியில் சக் வெப்னருடன் மோதியதே அவரது கடைசிப் போட்டி. பிறந்த ஆண்டே உறுதியாகத் தெரியாத அவருக்குக் கால்கள் ஓய்ந்திருந்தன. ஒன்பது சுற்றுகளுக்குப் பின் போட்டி நிறுத்தப்பட்டது. வெப்னரின் முகத்திற்கு எழுபதுக்கும் மேற்பட்ட தையல்கள் தேவைப்பட்டன.